வெல்டு வைக்காத முனை

அத்தியாயம் 11

"உருட்டிக்கிட்டுப் போக முடிஞ்சா உன்னுது."

அப்பாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் டெல்பர்ட் தன் தங்கை லவோனிடம் சொன்ன வார்த்தை அது. சொன்னதோடு நிற்கவில்லை. அப்பா பழைய கேஸ் டாங்கை வெட்டித் தன் கையால் செய்த, கறியைப் புகையில் வேக வைக்கும் புகையடுப்பை டிரெய்லரிலிருந்து அறுத்தெடுத்து, மேய்ச்சல் நிலத்துப் புல்லில் இறக்கிப் போட்டான். டிரெய்லரை மட்டும் தன் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆயிரத்து இருநூறு பவுண்டு இரும்பு, கால் ஒடிந்த எருமை மாதிரி அங்கேயே கிடந்தது.

 மறுநாள் லவோன் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து வந்ததும், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வரைந்தாள். நான்கு சக்கரம் வைத்த ஸ்டாண்டு.

அதிலிருந்து பத்து வாரம். இன்று சனிக்கிழமை. ஸ்வெட்லா ஊர்ப் பங்குத் திருவிழாவுக்கு முதல் நாள். மதியம் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் எந்தெந்த அடுப்பு கோவில் கேட்டைத் தாண்டி உள்ளே நிற்கிறதோ, அவற்றுக்குத்தான் ஃபாதர் பீடத்து மெழுகுவர்த்தியிலிருந்து நெருப்பு கொடுப்பார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அடுத்த வருஷம்தான்.

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. லவோன் புகையடுப்பின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி நின்றது. அது அப்படித்தான் நிற்க வேண்டும். புகைபோக்கிப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால்தான் கொழுப்பு வழிந்து வாளியில் விழும்.

"அக்கா, சாப்பிட்டியா?"

தங்கை ஜார்ஜின் காரிலிருந்து இறங்கினாள். கையில் ஒரு டப்பா நிறைய பாப்பி விதை வைத்த கொலாச் பன். மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். இந்தப் பத்து வாரமும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்து கம்பி பிடித்தாள், டேப் பிடித்தாள், துரு சுரண்டினாள்.

"அங்க வெச்சுட்டு இங்க வந்து இந்த டேப்பப் பிடி. சக்கரத்துக்குச் சக்கரம் கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்."

"நேத்து பார்த்தியே."

"நேத்து நான் நல்ல மூடுல இருந்தேன். இன்னிக்குப் பார்க்கணும்."

ஸ்டாண்டு பார்க்க லட்சணமாக இல்லை. எண்ணெய்க் கிணற்றில் கழித்துப் போட்ட கனமான குழாய்களை வெட்டிச் சட்டம் போட்டிருந்தாள். அடுப்பின் பாதிக்கு மேற்பட்ட பாரம் விறகு எரியும் கனல்பெட்டிப் பக்கம்தான் என்பதால் பின் அச்சை நடுவில் வைக்காமல் கனல்பெட்டிக்கு நேர் அடியில் தள்ளி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்துக்கு ரப்பர் சக்கரம் ஆகாது. கீழே விழும் கனலில் உருகிவிடும். அதனால் வைக்கோல் வாரும் பழைய இயந்திரத்தின் இரண்டு இரும்புச் சக்கரங்கள். ஊர்க்காரன் எர்வின் பார்ட்டோஷ் தன் கொட்டகையிலிருந்து கழற்றிக் கொடுத்தவை. கொடுத்த அன்று, "சும்மா துருப்பிடிச்சுக் கிடந்துது" என்றான். ஆனால் இரண்டுக்கும் புது கிரீஸ் போட்டிருந்தான்.

ஜார்ஜின் டேப்பைப் பிடித்தபடி மெல்லச் சொன்னாள்.

"நேத்து அண்ணன் வீட்டுப் பக்கமா வந்தேன்கா. டிரெய்லர் வாசல்லயே நிக்குது. மேல அந்தப் புது அடுப்பு. நம்ம அடுப்பு மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். ஹூஸ்டன்லேர்ந்து வாங்கினதாம்."

"எப்படி உக்கார வெச்சிருக்கான்?"

"வெல்டு பண்ணியிருக்கான். அவனே பண்ணினானாம்."

"எந்த முனையில?"

"ரெண்டு முனையிலயும். பெருமையா வேற காட்டினான். 'அப்பா மாதிரி ஒரு பக்கத்த மறந்துட்டு விடல பாரு'ன்னான்."

லவோன் ரசமட்டத்தைக் கீழே வைத்தாள். இந்தப் பத்து வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஜார்ஜினுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். டிரெய்லரிலிருந்து அப்பாவின் அடுப்பை அறுத்தபோது, ஒரு முனையில்தான் வெல்டு இருந்தது. மறுமுனை சும்மா ஒரு வளைந்த தகட்டின் மேல், குதிரைச் சேணத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டெல்பர்ட் அதைத் தீவனக்கடையில் நின்று எல்லாருக்கும் சொன்னான். "அப்பாவுக்கு அப்பவே கையும் போச்சு, மூளையும் போச்சு. ஒரு பக்கம் வெல்டு வைக்கவே மறந்துட்டாரு. இருபது வருஷம் அத வெச்சுக்கிட்டு ரோட்டுல போயிருக்கோம்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லவோன் அப்போது கோழித் தீவன மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இங்க வா," என்றாள் தங்கையிடம். புகைபோக்கிப் பக்கத்துச் சேணத்தைக் காட்டினாள். டாங்க்கும் தகடும் தொடும் இடத்தில் வெல்டு வேலையில் குறி போடும் வெள்ளைச் சோப்புக்கல்லால் ஒரே நேர்க்கோடு இழுத்தாள். பாதிக் கோடு டாங்க்கில், பாதி தகட்டில்.

"சூடேறினா இரும்பு நீளும். எட்டடி டாங்க் ஒரு அரிசி அகலம் நீளும். அரிசி அகலம்தானேன்னு தோணும். ரெண்டு முனையையும் கட்டிப் போட்டா அது எங்க போகும்? வெல்டத்தான் பிய்க்கும். அப்பா செஞ்ச முதல் அடுப்புல அப்படித்தான் வெல்டு தெறிச்சுது. அப்புறம்தான் ரெண்டு பேருமா சேர்ந்து இத செஞ்சோம். அப்ப அவன் ஹூஸ்டன்ல டை கட்டிக்கிட்டு இன்ஷூரன்ஸ் வித்துக்கிட்டிருந்தான்."

ஜார்ஜினுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"அப்ப அண்ணனோட அடுப்பு..."

"எட்டடியே அரிசி அகலம். அது பன்னிரண்டு அடியாவது இருக்கும். கீழ வெச்சிருக்கிற காலும் ஒல்லி ஆங்கிள் இரும்புன்னு நினைக்கிறேன். ஒல்லிதானே?"

"ஆமா."

"மத்தியானம் நெருப்பு வைப்பான். ரெண்டு மணிக்குக் கறி ஏத்துவான். அதுக்கப்புறம் இரும்பு பாத்துக்கும்."

"அக்கா, அவன்கிட்ட சொல்லிடணும்."

"அவன் என்கிட்ட கேட்டானா?"

"ஊரே நிக்கும்கா."

"தீவனக்கடையிலயும் ஊருதான் நின்னுது." லவோன் சோப்புக்கல்லைச் சட்டைப் பையில் போட்டாள். "எனக்கு ஒண்ணுதான் இன்னும் விளங்கல ஜார்ஜி. டிரெய்லர் அவன் பேருக்கு மாறின பேப்பர்ல அப்பா கையெழுத்து எப்படி வந்துது? கடைசி மாசம் அவரால ஸ்பூனையே பிடிக்க முடியல. அத மட்டும் ஒரு நாள் கண்டுபிடிக்கிறேன்."

டேப் ஜார்ஜினின் விரலிலிருந்து நழுவி, சர்ரென்று ஓடி, பெட்டிக்குள் அடித்துக்கொண்டது.

"கை வேர்த்துடுச்சு," என்றாள்.

*

வீட்டிலிருந்து கோவில் கேட் வரை முக்கால் மைல். பிக்கப்பில் சங்கிலி கட்டி, மனிதர் நடக்கும் வேகத்தில் இழுத்துப் போனாள் லவோன். ஜார்ஜின் பின்னால் நடந்து வந்தாள். இரும்புச் சக்கரம் தார் ரோட்டில் போட்ட சத்தத்துக்கு வழிநெடுக நாய்கள் குரைத்தன.

கேட்டோடு வண்டி நின்றுவிட வேண்டும். என்றோ ஒரு வருஷம் ஒரு டிராக்டர் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்துத் தள்ளியதிலிருந்து, கோவில் வளாகத்துக்குள் எஞ்சின் எதுவும் வரக்கூடாது. அடுப்பை அந்தந்த வீட்டார் கையால் தள்ளித்தான் கொண்டு வர வேண்டும்.

டெல்பர்ட் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான். அவன் வீட்டார் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாட்டுப் பாடித் தள்ளிக்கொண்டு போய் ஓக் மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. அடியில் அப்பாவின் டிரெய்லர். அப்பா தீட்டிய பச்சை வர்ணம் இன்னும் சக்கரத்துக்கு மேலே தெரிந்தது.

லவோனைப் பார்த்ததும் டெல்பர்ட் பீர் பாட்டிலோடு கேட் பக்கம் வந்தான். ஐம்பத்திரண்டு வயது. இந்த வருஷம் திருவிழாச் சமையலுக்கு அவன்தான் தலைவன். அதற்கென்று ஒரு தொப்பி போட்டிருந்தான்.

"அடேயப்பா. உருட்டிக்கிட்டே வந்துட்டியே."

"நீதானே சொன்ன."

"இன்னும் அறுபதடி இருக்கு. புல்லு நனைஞ்சு கிடக்கு. ஆளு எங்க?"

"இதோ." லவோன் ஜார்ஜினைக் காட்டினாள்.

டெல்பர்ட் சிரித்தான். அவன் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். "மணி பத்தரை. வேணும்னா கேளு, ஆள் அனுப்புறேன். 'அண்ணா, தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

லவோன் பிக்கப்பிலிருந்து கைவின்ச்சை எடுத்தாள், பல் சக்கரம் வைத்துக் கையால் பாரம் இழுக்கும் கருவி. அதன் ஒரு முனையை முப்பது அடி தள்ளி நின்ற பெக்கான் மரத்தில் கட்டினாள். மறுமுனையை ஸ்டாண்டின் இழுவைக் கம்பியில் மாட்டினாள். சக்கரம் புல்லில் புதையாமல் இருக்க நான்கு பலகைகள் கொண்டு வந்திருந்தாள். ஒரு பலகையைத் தாண்டியதும் அதைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட வேண்டும்.

ஒரு இழுப்புக்கு இரண்டு அங்குலம்.

டக். டக். டக். வின்ச்சின் பல் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் ஆண்கள் கேலி பேசினார்கள். அப்புறம் கேலி குறைந்தது. இரண்டு பெண்கள் இரும்பை அங்குலம் அங்குலமாக இழுப்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு சிரிப்பது எளிதில்லை. பீர் கசக்கும்.

பாதி தூரத்தில் ஜார்ஜின் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி முழுக்க நின்ற கால். மணி பதினொன்று பத்து.

அப்போது எர்வின் பார்ட்டோஷ் தன் பாட்டிலை வேலிக்கால் மேல் வைத்தான். நெட்டையாக, கொஞ்சம் கூனி நடப்பான். மனைவி இறந்து ஆறு வருஷம். பதினைந்து வருஷமாகத் திருவிழா நெருப்புக்கு விறகு போடுவது அவன்தான். வந்து பின்னாலிருந்த பலகையைத் தூக்கி முன்னால் போட்டான்.

"எர்வின்," என்றான் டெல்பர்ட். "வீட்டு ஆளுங்கதான் தள்ளணும். அதான் வழக்கம்."

"நான் எங்க தள்றேன். பலகைதானே போடுறேன்."

"எதுக்கு?"

"சக்கரம் என்னுதுப்பா. புல்லுல மாட்டிக்கிட்டா யாரு தோண்டி எடுக்கிறது?"

லவோன் தலை நிமிரவில்லை. ஆனால் வின்ச்சின் சத்தம் கொஞ்சம் வேகமானது.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது அடுப்பு அறுபதடியும் தாண்டி அடுத்த மரத்தடியில் போய் நின்றது. டெல்பர்ட்டின் அடுப்புக்கு நேர் எதிரே, நாற்பது தப்படி தள்ளி. லவோன் சக்கரத்துக்கு ஆப்பு வைத்தாள். அப்புறம்தான் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. ஜார்ஜின் துணி கிழித்துக் கட்டிவிட்டாள்.

*

மணி அடித்தது. ஃபாதர் மெழுகுவர்த்தியோடு ஒவ்வொரு அடுப்பாக வந்தார். லவோன் தன் பங்குக்கு நெருப்பு வாங்கி ஓக் விறகில் வைத்தாள். இந்தப் பங்கில் ஒரு பெண் திருவிழா நெருப்பை வாங்குவது அதுதான் முதல் தடவை. ஃபாதர் ஒரு விநாடி தயங்கிவிட்டு, பெரிதாக ஒரு சிலுவை போட்டார்.

டெல்பர்ட் கையில் ஒரு அட்டையோடு வந்தான். எந்த அடுப்புக்கு எவ்வளவு கறி என்று அதில் எழுதியிருந்தது.

"உன் பேரு இதுல இல்ல லவோன். நீ வந்து சேருவேன்னு யாரு நினைச்சா. ஒண்ணு பண்ணு, காப்பி கொதிக்க வை. காப்பிக்கும் ஆள் வேணும்தானே."

"சரி."

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

லவோன் கனல்பெட்டிக்கு மேல் காப்பிப் பானையை வைத்தாள். விறகை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டே இருந்தாள். சூடுமானி இருநூற்று ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் வந்து நின்றது. அதற்கு மேலும் போகவில்லை, கீழும் இறங்கவில்லை.

"காலி அடுப்புக்கு எதுக்குக்கா இவ்வளவு விறகு?"

"வரும்."

"என்ன வரும்?"

"கறி."

ஜார்ஜின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். டெல்பர்ட்டின் அடுப்பில் இருபத்திரண்டு மாட்டு நெஞ்சுக்கறித் துண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். கனல்பெட்டி முன்னால் ஒரு கவிழ்த்த வாளியைப் போட்டு எர்வின் உட்கார்ந்தான். வழக்கம் போல.

லவோனும் பார்த்தாள். எர்வின் அங்கே உட்காருவான் என்பதை அவள் யோசிக்கவில்லை. காலையிலிருந்து அவள் மனதில் ஓடிய படத்தில் அந்த அடுப்பும் டெல்பர்ட்டும் ஊர்ச்சனமும் மட்டும்தான் இருந்தார்கள்.

எர்வின் காப்பிக்கு வந்தபோது ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

"அந்தக் கனல்பெட்டிக்கு அடியில கால நீட்டி உக்காராத."

"ஏன்?"

"சும்மா சொன்னேன். பாம்பு கீம்பு இருக்கும்."

"இந்தப் புகையிலயா?" எர்வின் அவளை ஒரு கணம் பார்த்தான். "லவோன், உன் கையில என்ன கட்டு?"

"ஒண்ணுமில்ல."

"வின்ச் பிடிக்கும்போது கையுறை போடணும்."

"சரி."

"அடுத்த தடவை நானே கொண்டு வர்றேன்." அடுத்த தடவை என்ற சொல்லைச் சொல்லிவிட்டுத் தானே கூச்சப்பட்டவன் மாதிரி கோப்பையோடு திரும்பிப் போனான்.

ஜார்ஜின் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "இப்பவாவது சொல்லு. அண்ணனுக்காக வேண்டாம்."

"எர்வின்கிட்ட சொன்னா அவன் நெருப்ப வெளிய இழுத்து அணைச்சுடுவான். நெருப்ப இழுத்துட்டா டெல்பர்ட் தப்பிச்சிடுவான்." லவோன் ஒரு கட்டையை உள்ளே தள்ளினாள். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தப் பயன்பட்ட பெரிய ஜாக்கியை பிக்கப்பிலிருந்து கொண்டு வந்து காலடியில் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

*

மூன்றரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டிங்.

ஸ்பூனால் கண்ணாடி டம்ளரைத் தட்டிய மாதிரி. பாண்டு வாத்தியக்காரர்கள் கொட்டகையில் பயிற்சி செய்துகொண்டிருந்ததில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. லவோனுக்குக் கேட்டது. முதல் அடுப்பில் வெல்டு தெறித்தபோது அப்பாவும் அவளும் கேட்ட சத்தம்.

எதிரே டெல்பர்ட் யாரிடமோ கை வீசிப் பேசிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி பத்துப் பதினைந்து பேர். தீவனக்கடைக்காரரும் இருந்தார். இன்னொரு சத்தம் வந்தால் போதும். அந்தப் பளபளக்கும் கறுப்பு அடுப்பு, அப்பாவின் டிரெய்லர் மேலேயே மண்டியிட்டு விழும். அப்புறம் இந்த ஊரில் யாரும் அப்பாவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

டிங்.

எர்வின் விறகுக் கட்டையை உள்ளே தள்ளக் குனிந்தான். வசதிக்காக ஒரு காலைக் கனல்பெட்டிக்கு அடியில் நீட்டினான்.

லவோன் ஒரு நொடி நின்றாள். அந்த ஒரு நொடி நின்றதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே ரொம்ப நாள் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எர்வின், கால எடு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் உருண்டான். லவோன் மண்டியிட்டு ஜாக்கியைக் கனல்பெட்டியின் அடியில் செருகி இரண்டு திருகு திருகினாள். மூன்றாவது திருகுக்கு முன் அடுப்புக் காலின் ஆங்கிள் இரும்பு மடங்கியது. கனல்பெட்டி ஒரு முனகலோடு இறங்கி, ஜாக்கியின் தலையில் உட்கார்ந்தது. கதவு திறந்துகொண்டு கனல் புல்லில் கொட்டியது. எர்வின் உருண்டபோது அடியில் போன வாளி இரும்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது.

வாத்தியம் நின்றது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். எர்வின் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் லவோனைப் பார்த்தான். பாம்பு என்று சொன்னதை அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

டெல்பர்ட் முகம் வெளுத்து வந்தான். "நெருப்ப இழுங்க. இழுங்க. கறி போயிடும்." சுற்றிப் பார்த்தான். மற்ற அடுப்புகள் எல்லாம் நிறைந்திருந்தன. நாளை மதியம் எண்ணூறு பேர் சாப்பிட வருவார்கள். இருபத்திரண்டு துண்டும் அரைவேக்காட்டில் ஆறினால் குப்பைக்குத்தான் போகும்.

நாற்பது தப்படிக்கு அந்தப் பக்கம், லவோனின் காலி அடுப்பிலிருந்து மெல்லிய நீலப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவன் அதைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

"லவோன்," என்றான் டெல்பர்ட். "உன் அடுப்புல..."

"இடம் இருக்கு. இருநூத்தம்பதுல நிக்குது." லவோன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஆனா முதல்ல ஒரு கேள்வி கேளு."

"என்ன கேள்வி?"

"அப்பா ஏன் அந்த முனையில வெல்டு வைக்கலைன்னு கேளு. தீவனக்கடையில பேசின அதே குரல்ல கேளு."

டெல்பர்ட்டின் தாடை அசைந்தது. பக்கத்தில் கறியிலிருந்து கொழுப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது. தீவனக்கடைக்காரர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா ஏன் வெல்டு வைக்கல?"

"வா. எல்லாரும் வாங்க."

தன் அடுப்புக்கு அழைத்துப் போய், சேணத்தின் மேல் காலையில் இழுத்த சோப்புக்கல் கோட்டைக் காட்டினாள். தகட்டில் இருந்த பாதிக் கோடு அப்படியே இருந்தது. டாங்க்கில் இருந்த பாதி ஒரு அரிசி அகலம் தள்ளிப் போயிருந்தது.

"நகரணும்னுதான் விட்டாரு," என்றாள். "மறந்து விடல."

 எர்வின் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான்.

டெல்பர்ட் தன் ஆட்களைப் பார்த்துக் கை காட்டினான். "தூக்குங்கப்பா."

"அவங்க இல்ல," என்றாள் லவோன். "நீ. தூக்கிக்கிட்டு வர முடிஞ்சா வெச்சுக்க."

இருபத்திரண்டு நடை. நாற்பது தப்படி போக, நாற்பது தப்படி வர. முதல் நான்கு நடையில் டெல்பர்ட் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டாவது நடையில் தொப்பி விழுந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் வரவில்லை. பன்னிரண்டாவது நடையில் சட்டை முழுக்கக் கொழுப்பும் மிளகுத் தூளும். லவோன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும், "இங்க வை," "கொழுப்பு மேல இருக்கட்டும்," "கொஞ்சம் தள்ளி," என்று மட்டும் சொன்னாள். பத்து வாரம் புல்லில் கிடந்த இரும்பு, ஒரு துண்டுக்கு ஒரு துண்டு கனமாகி, நான்கு சக்கரத்தின் மேல் அசையாமல் நின்றது.

அவள் எதிர்பார்த்த அளவுக்கு அது இனித்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கடைசித் துண்டை வைத்துவிட்டு டெல்பர்ட் நிமிர்ந்தான். மூச்சு வாங்கியது. அவனுக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும் குரலில் பேசினான்.

"திருப்தியா?"

"டிரெய்லரையும் கொண்டு வந்து விட்டா திருப்தி."

"அது என்னுது. பேப்பர்ல அப்பா கையெழுத்து இருக்கு."

"அவரால ஸ்பூனே பிடிக்க முடியல. பேனா எப்படிப் பிடிச்சாரு?"

டெல்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டான். பத்து வாரத்தில் அவனும் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தான் போலும். அதை இப்போதுதான் எடுத்தான்.

"கைய யாரு பிடிச்சு எழுத வெச்சாங்கன்னு என்கிட்ட கேக்காத. அன்னிக்கு ஆஸ்பத்திரில அந்த ரூம்ல ட்யூட்டியில இருந்த நர்ஸக் கேளு."

அவன் போய்விட்டான்.

லவோன் மெல்லத் திரும்பினாள். ஜார்ஜின் கனல்பெட்டிப் பக்கம் ஒரு விறகுக் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வார்த்தை எதுவும் கேட்டிருக்காது. கேட்கத் தேவையும் இல்லை. அவள் முகத்தில் எல்லாம் இருந்தது.

பத்து சனிக்கிழமை. ஒன்றுகூடத் தவறவில்லை.

"அக்கா..."

"விறகப் போடு," என்றாள் லவோன்.

"அக்கா, நான் சொல்லணும்னுதான்..."

"சூடு இறங்குது. போடு."

ஜார்ஜின் குனிந்து கட்டையை உள்ளே தள்ளினாள்.  லவோன் கனல்பெட்டியின் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டினாள். கையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. காலையில் தங்கை கட்டிவிட்ட துணி. அதை உருவிப் புல்லில் போட்டாள்.

"நாளைக்குக் கடைசித் துண்டு வெட்டுற வரைக்கும் இந்த நெருப்பு அணையக்கூடாது. அதுவரைக்கும் நீ இங்கதான் நிக்கிற, என் கண் முன்னால. வீட்டுக்குப் போகணும்னு சொல்லாத. தூங்கணும்னு சொல்லாத." அவள் குரல் உயரவே இல்லை. "கறி வெட்டி முடிச்சதும் நாம ரெண்டு பேரும் பேசலாம்."